சூப்பர் விசாவில் அம்மா வருகிறார், நடுவில் பிரஷர் மாத்திரை மாறிவிட்டது: காப்பீடு செல்லுமா?

கொள்ளிடக்கரை (பிராம்ப்டன்)

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு வயது 68. சுகர் ரொம்ப வருடமாக இருக்கிறது, மெட்ஃபார்மினில் கட்டுப்பாடாக ஓடுகிறது. பிரஷருக்கு டெல்மிசார்டன் 40. ஜனவரியில் ஒரு லட்சம் டாலர் பாலிசி எடுத்து சூப்பர் விசா (கனடாவில் இருப்பவர்களின் பெற்றோர், தாத்தா பாட்டி நீண்ட நாள் தங்க வரும் விசா) விண்ணப்பத்தோடு வைத்தோம். "முன்பே இருக்கும் நோய்க்கும் கவரேஜ் உண்டு" என்கிற திட்டம்தான், அதற்காகவே கூடுதலாகப் பணம் கட்டினோம். விசாவும் வந்துவிட்டது. மே 28 டிக்கெட்.

இப்போது சிக்கல். மார்ச் 14 அன்று கும்பகோணத்தில் வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் டெல்மிசார்டனை 80 ஆக்கிவிட்டார். வேறு ஒன்றுமில்லை, அம்மா நன்றாகத்தான் இருக்கிறார். பாலிசி புத்தகத்தில் "90 நாள் நிலையாக இருந்திருக்க வேண்டும்" என்று ஒரு வரி இருக்கிறது. ஏஜெண்டிடம் கேட்டால், "பாலிசி வாங்கும்போது நிலையாகத்தானே இருந்தது, அது போதும், நிம்மதியாக இருங்கள்" என்கிறார்.

எனக்கு நிம்மதி வரவில்லை. 90 நாளை எந்த நாளிலிருந்து எண்ணுவது? பிரஷருக்கான கவரேஜ் போனால் சுகருக்கானதும் சேர்ந்து போய்விடுமா? நிறுவனத்துக்கு நானே சொல்ல வேண்டுமா, இல்லை சும்மா இருப்பதா?

பியர்சன்_பறவை

சும்மா இருங்க நண்பா. இது விசாவுக்காகக் காட்டும் காகிதம். நான் அப்பா அம்மா இரண்டு பேருக்கும் இருப்பதிலேயே மலிவான பாலிசியை எடுத்தேன், டிடக்டிபிள் (க்ளெய்மில் முதலில் நம் கைக்காசாகக் கட்ட வேண்டிய தொகை) ஐயாயிரம் போட்டேன், ஒரு க்ளெய்மும் வரவில்லை. அம்மாவை ஊரில் இனிமேல் டாக்டரிடம் போக விடாதீர்கள், அவ்வளவுதான். போனால் எதையாவது மாற்றுவார்கள்.

மார்க்கம்_முகவர்

கொள்ளிடக்கரை, நான் யாழ்ப்பாணத்து ஆள், இங்கே காப்புறுதி விற்பதுதான் என் தொழில். உங்கள் பாலிசியை நான் விற்கவில்லை, அதனால் ஒளிவுமறைவில்லாமல் சொல்லலாம். உங்கள் ஏஜெண்ட் சொன்னது பிழை.

நாள் எண்ணுவது பாலிசி தொடங்கும் திகதியிலிருந்து பின்னோக்கி. ஊரிலிருந்து வருபவருக்குப் பெரும்பாலும் அது கனடாவில் வந்து இறங்கும் நாள். ஜனவரியில் காசு கட்டியது அந்தக் கணக்குக்குள் வராது. மார்ச் 14 முதல் மே 28 வரை எண்ணிப் பாருங்கள், 75 நாள்தான். ஆகவே மே 28 அன்று உங்கள் அம்மாவின் பிரஷர், பாலிசியின் பார்வையில், நிலையாக இல்லாத நோய்.

"நிலையாக" என்ற சொல்லை நாங்கள் வீட்டில் பேசும் அர்த்தத்தில் எடுக்கக் கூடாது. அம்மா நடக்கிறா, சாப்பிடுகிறா, பிரஷர் 130க்குள் நிற்கிறது, டாக்டரும் "நல்லா இருக்கு" என்கிறார் என்றால் எங்களுக்கு அது நிலையானது. பாலிசியில் அதற்குத் தனி வரைவிலக்கணம் இருக்கும். குறித்த காலத்துக்குள் புது நோய்க்குறி வந்திருக்கக் கூடாது, புதுக் குளிசை (மாத்திரை) தொடங்கியிருக்கக் கூடாது, இருந்த குளிசையின் அளவு மாறியிருக்கக் கூடாது, ஆஸ்பத்திரியில் படுத்திருக்கக் கூடாது, ஸ்பெஷலிஸ்டிடம் போகச் சொல்லி எழுதியிருக்கக் கூடாது, ஏதாவது டெஸ்ட் முடிவுக்குக் காத்திருக்கக் கூடாது. பலர் கவனிக்காத ஒன்று: அளவைக் கூட்டினால் மட்டுமல்ல, குறைத்தாலும் மாற்றம்தான். "சுகர் இறங்கிவிட்டது, ஒரு குளிசையை விடுங்கள்" என்று டாக்டர் சந்தோஷமாகச் சொன்னாலும் பல பாலிசிகளில் அந்த நாளிலிருந்து எண்ணிக்கை மறுபடி தொடங்கும். இன்சுலின், வார்ஃபரின் (இரத்தம் உறையாமல் இருக்கத் தரும் குளிசை) போன்றவற்றை இரத்தப் பரிசோதனை பார்த்து அடிக்கடி கூட்டிக் குறைப்பார்கள், அதற்குச் சில நிறுவனங்கள் விலக்குக் கொடுத்திருக்கின்றன. எல்லோரும் இல்லை.

இரண்டாவது கேள்வி. நோய்க்கு நோய் தனித்தனியாகத்தான் பார்ப்பார்கள். பிரஷர் நிலையாக இல்லை என்பதால் சுகருக்கான கவரேஜ் போகாது. மெட்ஃபார்மின் மாறவில்லை என்றால் அது அப்படியே நிற்கும். அம்மா வழுக்கி விழுந்து கை முறிந்தால், நிமோனியா வந்தால், அதற்கும் பிரஷருக்கும் சம்பந்தமில்லை, கவரேஜ் இருக்கிறது. ஆனால் இந்த ஒரு நோய் பிரஷராக இருப்பதுதான் உங்களுக்குக் கெட்ட நேரம். பாலிசியில் "அந்த நோயும் அதனோடு தொடர்புடையவையும்" என்று இருக்கும். பக்கவாதம், மாரடைப்பு, சிறுநீரகம் என்று எது வந்தாலும் கோப்பைப் பார்ப்பவர் முதலில் மார்ச் மாதக் குளிசை மாற்றத்தைத்தான் தூக்கிப் பிடிப்பார். பெரிய பில் வரக்கூடியதும் அவைதான்.

மூன்றாவது: சொல்ல வேண்டும். கேள்விப் பத்திரம் நிரப்பி எடுத்த பாலிசி என்றால், நிரப்பிய நாளுக்கும் தொடங்கும் நாளுக்கும் இடையில் உடல்நிலையில் மாற்றம் வந்தால் அறிவிக்கச் சொல்லி அதிலேயே எழுதியிருப்பார்கள். சொல்லாமல் விட்டால் அந்த ஒரு நோய் மட்டும் போகாது. பாலிசி முழுவதையும் செல்லாது என்று சொல்லிவிட அவர்களுக்கு வழி கிடைக்கும்.

உங்கள் கையில் இருக்கும் சுலபமான வழி, திகதியைத் தள்ளுவது. மார்ச் 14க்குப் பிறகு ஒன்றும் மாறாவிட்டால் ஜூன் 12 அன்று 90 நாள் முடிகிறது. டிக்கெட்டை ஜூன் நடுப்பகுதிக்கு மாற்றி, பாலிசி தொடங்கும் நாளையும் அதற்கேற்ப மாற்றச் சொல்லுங்கள். நுழையும் நாளிலிருந்து ஒரு வருடம் செல்லுபடியாக வேண்டும் என்பது சூப்பர் விசாவின் விதி, எப்படியும் இரண்டும் சேர்ந்து நகரத்தான் வேண்டும்.

கொள்ளிடக்கரை

மிக்க நன்றி அண்ணா. இவ்வளவு தெளிவாக யாரும் சொல்லவில்லை. ஒரு சந்தேகம். என் நண்பன் அம்மாவுக்கு எடுத்த பாலிசியில் 180 நாள் என்று இருக்கிறதாம். அவர் வயது 77. இது அரசாங்க விதியா, நிறுவனத்தின் விதியா?

மார்க்கம்_முகவர்

நிறுவனத்தின் விதி. அரசாங்கம் கேட்பது குறைந்தது ஒரு லட்சம் டாலர், சிகிச்சை, ஆஸ்பத்திரி, ஊருக்குத் திருப்பி அனுப்பும் செலவு, ஒரு வருடம், இவ்வளவுதான். காசு கட்டியதற்கு ஆதாரம் வேண்டும், வெறும் விலைப்பட்டியல் காட்ட முடியாது. முன்பே இருக்கும் நோயைக் கவர் பண்ண வேண்டும் என்று விசா அதிகாரி கேட்பதே இல்லை. அதனால்தான் பியர்சன்_பறவை வாங்கின மாதிரியான மலிவுப் பாலிசியிலும் விசா கிடைத்துவிடுகிறது.

நாள் கணக்கு 90, 120, 180 என்று நிறுவனத்துக்கு நிறுவனம், வயதுக்கு வயது மாறும். வயது ஏற ஏற நாள் கூடும். எண்பதைத் தாண்டினால் முன்பே இருக்கும் நோய்க்குக் கவரேஜே தராத திட்டங்கள் நிறைய. 2025 ஜனவரி வரை கனடா நிறுவனத்திடம் மட்டும்தான் வாங்கலாம் என்று இருந்தது. இப்போது கனடாவின் நிதி மேற்பார்வை அலுவலகத்தின் அனுமதி பெற்ற வெளிநாட்டு நிறுவனத்திடமும் வாங்கலாம். அனுமதி பெற்ற பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்காமல் ஊரில் எடுத்துவிட்டு வராதீர்கள்.

வைகைப்புயல்

பியர்சன்_பறவை, உங்களுக்கு க்ளெய்ம் வரவில்லை என்பது உங்கள் நல்ல நேரம். எங்கள் வீட்டில் வந்தது.

மாமனார் மதுரையிலிருந்து வந்திருந்தார். இதயத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர், மாத்திரை ஒன்றும் மாறவில்லை, நாள் கணக்கெல்லாம் சரியாகத்தான் இருந்தது. இங்கே வந்த கொஞ்ச நாளில் மூச்சுத் திணறல். ஆம்புலன்ஸ், எமர்ஜென்சி, ஐ.சி.யூ. ஓஹிப் அட்டை (ஒன்டாரியோ அரசின் மருத்துவக் காப்பீட்டு அட்டை) இல்லாதவருக்கு ஆஸ்பத்திரிக் கட்டணம் நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கில் ஓடும், டாக்டர் பில் தனி. போன் பண்ணிச் சொல்ல வேண்டிய நேரத்துக்குள் சொன்னோம், க்ளெய்ம் எண் கொடுத்தார்கள், நாங்களும் தைரியமாக இருந்தோம்.

வீட்டுக்கு வந்தபிறகுதான் கடிதம் வந்தது: கடந்த இரண்டு வருட மருத்துவப் பதிவு எல்லாம் வேண்டும். ஊரிலிருந்து மச்சான் கோப்பு முழுவதையும் ஸ்கேன் பண்ணி அனுப்பினார். அதில் ஒரு பழைய எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போர்ட். அடியில் டாக்டர் கையால் "மூன்று மாதம் கழித்து எக்கோ திரும்ப எடுக்கவும்" என்று எழுதியிருந்தார். எடுக்கவில்லை. யார்தான் எடுக்கிறார்கள்? அதைப் பிடித்துக்கொண்டார்கள். பரிந்துரைத்த பரிசோதனை நிலுவையில் இருக்கிறது, எனவே நோய் நிலையாக இல்லை, எனவே க்ளெய்ம் இல்லை.

மேல்முறையீடு செய்தோம். மதுரை டாக்டரிடம் "அது வழக்கமான பரிசோதனைதான், நோய் மோசமாகவில்லை" என்று கடிதம் வாங்கி அனுப்பினோம். ஏற்கவில்லை. கடைசியில் ஆஸ்பத்திரியின் பில்லிங் பிரிவில் போய் உட்கார்ந்து பேசினோம். கொஞ்சம் குறைத்தார்கள், மீதியைத் தவணையாகக் கட்டிக்கொண்டிருக்கிறோம். பேசினால் இறங்கி வருகிறார்கள் என்பதையும் இங்கே பதிந்து வைக்கிறேன், யாருக்காவது உதவும்.

ஆகையால் கொள்ளிடக்கரை, மாத்திரைச் சீட்டை மட்டும் பார்க்காதீர்கள். ஊரில் இருக்கும் கோப்பை எடுத்து, ஒவ்வொரு சீட்டின் அடியிலும் என்ன கிறுக்கியிருக்கிறது என்று பாருங்கள். "ரிவ்யூ", "ஸ்பெஷலிஸ்ட் ஒபீனியன்", "டி.எம்.டி. எடுக்கவும்" (நடக்கவிட்டு இதயத்தைப் பார்க்கும் டெஸ்ட்) என்று ஏதாவது இருந்தால் கிளம்பும் முன்பே முடித்துவிடுங்கள்.

பியர்சன்_பறவை

கேட்கவே கஷ்டமாக இருக்கிறது. ஆனால் நீங்கள் சொன்னதே என் கட்சிக்குத்தான் ஆதாரம். எவ்வளவு காசு கட்டி எடுத்தாலும் மறுப்பதற்கு ஒரு காரணம் கண்டுபிடிக்கிறார்கள். அப்புறம் எதற்குக் கூடுதல் பிரிமியம்?

மருந்துக்கடை_அக்கா

இரண்டு நாளாக வேலை, இப்போதுதான் பார்க்கிறேன். மிசிசாகாவில் மருந்தாளராக இருக்கிறேன். பியர்சன்_பறவை தம்பி, காசு விஷயத்தில் உங்கள் அபிப்பிராயம் உங்களுடையது. ஆனால் "ஊரில் டாக்டரிடம் போக விடாதீர்கள்" என்றீர்களே, அது தப்பு. யாராவது படித்துவிட்டு அப்படியே செய்துவிடுவார்கள்.

68 வயது அம்மாவுக்கு பிரஷர் 170ல் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாள் கணக்கு கெட்டுவிடும் என்று மாத்திரையைக் கூட்டாமல் இருபது மணி நேரத்துக்கு மேல் விமானத்திலும் ஏர்போர்ட்டிலும் கூட்டி வந்தால் என்ன ஆகும்? பாலிசி பிழைக்கும், அம்மா? இன்னொன்று, அதனால் பாலிசியும் பிழைக்காது. நெஞ்சுவலி, தலைசுற்றல், மூச்சு வாங்குதல் என்று அறிகுறி இருந்து, விவேகமுள்ள எவரும் டாக்டரைப் பார்த்திருப்பார் என்றால், பார்க்காவிட்டாலும் அது முன்பே இருந்த நோய்தான் என்று பல பாலிசிகளில் எழுதியிருக்கிறது. எமர்ஜென்சியில் முதலில் கேட்பதே "எத்தனை நாளாக இப்படி இருக்கிறது?" என்றுதான். அம்மா வெள்ளந்தியாக "ஊரிலேயே இருந்தது கண்ணு" என்பார். நர்ஸ் அதை எழுதிக்கொள்வார். அந்தத் தாள் நிறுவனத்துக்குப் போகும்.

மருந்து மாற்ற வேண்டுமென்றால் மாற்றட்டும், பயணத்தைத் தள்ளுங்கள். முடிந்தால் டிக்கெட் போடுவதற்கு ஆறேழு மாதம் முன்பே முழுப் பரிசோதனையும் செய்து, மாற்ற வேண்டியதை மாற்றி, செய்யச் சொன்ன டெஸ்டையெல்லாம் முடித்துவிட்டு, பிறகு நாளைக் குறியுங்கள். நம்மவர்கள் தலைகீழாகச் செய்கிறார்கள். டிக்கெட்டைப் போட்டுவிட்டு, கிளம்புவதற்குப் பத்து நாள் முன்பு "எதற்கும் ஒரு செக்கப் பண்ணிவிடலாம்" என்று கூட்டிப் போகிறார்கள்.

மருந்துச் சீட்டில் நான் அடிக்கடி பார்க்கும் வில்லங்கம் ஒன்றும் சொல்கிறேன். நம் ஊர் டாக்டர்கள் சுகர் இருப்பவருக்கு "எதற்கும் இருக்கட்டும்" என்று குறைந்த அளவு ஆஸ்பிரினும் ஒரு ஸ்டாட்டினும் (கொலஸ்ட்ரால் மாத்திரை) சேர்த்து எழுதிவிடுகிறார்கள். இதயத்தில் ஒரு கோளாறும் இருக்காது. ஆனால் காப்பீட்டின் கேள்விப் பத்திரத்தில் "இதய நோய்க்காக மருந்து உட்கொள்கிறீர்களா?" என்று இருக்கும். பிள்ளைகள் இங்கிருந்து "இல்லை" என்று போடுவார்கள். உண்மைதான், ஆனால் க்ளெய்ம் வரும்போது ஆஸ்பிரினைப் பார்த்துவிட்டுக் கேள்வி கேட்பார்கள். அம்மாவின் டாக்டரிடம் இப்போதே, எந்த மாத்திரை எதற்காக, எப்போதிலிருந்து, எந்த அளவில் என்று லெட்டர்ஹெட்டில் வாங்கிவிடுங்கள். நடந்த பிறகு வாங்கும் கடிதத்துக்கு மதிப்புக் குறைவு, வைகைப்புயல் வீட்டில் பார்த்தோமே. சித்த மருந்தோ லேகியமோ சாப்பிட்டால் அதையும் மறைக்க வேண்டாம்.

அதே மருந்து, அதே அளவு, கம்பெனி பெயர் மட்டும் மாறினால் அதை மாற்றமாக எடுப்பதில்லை, பெரும்பாலான பாலிசிகளில் அப்படியே எழுதியிருக்கும். அந்தப் பயம் வேண்டாம்.

இதய நோயாளிகளும் ஆஸ்துமாக்காரர்களும் இன்னொரு பத்தியைத் தேடிப் பார்க்க வேண்டும். குறிப்பிட்ட காலத்தில் நாக்குக்கு அடியில் வைக்கும் நைட்ரோகிளிசரினை அடிக்கடி பயன்படுத்தியிருந்தாலோ, மூச்சுக்கு வீட்டில் ஆக்சிஜன் வைத்திருந்தாலோ, பிரெட்னிசோலோன் மாதிரி ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டிருந்தாலோ, இதயம் அல்லது நுரையீரல் சம்பந்தப்பட்ட எதற்கும் கவரேஜ் இல்லை என்று சில பாலிசிகளில் தனியாக வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் இருமல் விடவில்லை என்றால் ஐந்து நாள் ஸ்டீராய்டு கொடுப்பது சர்வசாதாரணம். யாரும் நினைவில்கூட வைத்திருக்க மாட்டார்கள்.

கொள்ளிடக்கரை

அக்கா, ஆஸ்பிரின் விஷயம் படித்ததும் பக்கென்றது. அம்மாவுக்கும் எழுதியிருக்கிறார். டாக்டரிடம் கடிதம் கேட்கத் தம்பியை அனுப்புகிறேன்.

எடிசன்_மாமா

நியூ ஜெர்சியிலிருந்து எழுதுகிறேன், உங்கள் ஊர்க் கதை வேறு என்றாலும். இங்கே பெற்றோர் பி-2 விசாவில் (சுற்றுலா விசா) வருகிறார்கள், காப்பீடு கட்டாயமே இல்லை. ஆஸ்பத்திரிச் செலவோ உங்களைவிட மோசம். இங்கே விசிட்டர் பாலிசிகளில் "90 நாள் நிலை" என்பதற்குப் பதில் "அக்யூட் ஆன்செட்" என்று ஒன்று ஓடுகிறது. முன்பே இருக்கும் நோய் திடீரென்று, முன்னறிகுறி இல்லாமல் வெடித்து, உடனே சிகிச்சை தேவைப்பட்டு, 24 மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரிக்கும் போயிருந்தால் கவரேஜ். கொஞ்சம் கொஞ்சமாக முற்றிய நோய் என்றால் இல்லை. "நேற்று முன்தினத்திலிருந்தே லேசாக வலித்தது" என்று சொன்னால் முடிந்தது. எழுபதைத் தாண்டினால் இந்தச் சலுகை பல பாலிசிகளில் சுருங்கும், எண்பதில் மிகவும் சுருங்கும்.

விலை குறைவு என்று "ஃபிக்ஸட் பெனிஃபிட்" வகையை வாங்கிவிடாதீர்கள். அறுவைக்கு இவ்வளவு, அறைக்கு இவ்வளவு என்று அட்டவணை போட்டு ஒரு சிறு தொகை கொடுப்பார்கள், உண்மையான பில்லோடு அதற்குச் சம்பந்தமே இருக்காது. நீங்கள் யாராவது அம்மா அப்பாவை நயாகராவுக்கு இந்தப் பக்கம் கூட்டி வந்தால், உங்கள் கனடா பாலிசி அமெரிக்காவில் எத்தனை நாள் செல்லும் என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

மார்க்கம்_முகவர்

மாமா சொன்னது சரி. சில திட்டங்களில் பக்கத்து நாட்டுப் பயணத்துக்கு 30 நாள் வரை தருவார்கள், பயணம் கனடாவில் தொடங்கி கனடாவில் முடிய வேண்டும் என்று இருக்கும். பெரும்பகுதி நாளைக் கனடாவில் கழிக்க வேண்டும் என்றும் போட்டிருப்பார்கள்.

பியர்சன்_பறவைக்கு ஒரு பதில். மறுப்பதற்குக் காரணம் தேடுகிறார்கள் என்கிறீர்கள். நான் பார்த்த அளவில், கவனமாகப் பத்திரம் நிரப்பி, நாள் கணக்குச் சரியாக இருந்த க்ளெய்ம்கள் வெளியே பேசப்படுவதில்லை, காசு வந்ததும் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். ஆனால் கேள்விப் பத்திரத்தை முகவரே "இல்லை, இல்லை, இல்லை" என்று நிரப்பிக் கையெழுத்து மட்டும் வாங்கும் பழக்கம் எங்கள் தொழிலில் இருக்கிறது, அதை மறுக்க மாட்டேன். அந்தப் பத்திரத்தின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள்.

வடைமாலை

நானும் ஒரு கேள்வி கேட்கலாமா? அம்மா பருத்தித்துறையில் இருந்து வந்து ஒரு வருடம் முடியப் போகிறது. சூப்பர் விசா என்பதால் இங்கேயே இன்னும் இருக்கலாம், இப்போது ஒரு முறை வந்தால் ஐந்து வருடம் வரை நிற்கலாம் என்று தெரியும். ஆனால் போன மாசிப் பனிக்குள் அம்மாவுக்குப் பித்தப்பையில் கல் என்று ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். காப்புறுதிக்காரர் காசு கட்டினார்கள், குறை சொல்ல ஒன்றுமில்லை. "இப்போதைக்கு ஒப்பரேஷன் தேவையில்லை, திரும்ப வலித்தால் பார்ப்போம்" என்று விட்டுவிட்டார்கள். இப்போது பாலிசியைப் புதுப்பித்தால் அந்தக் கல்லுக்கும் கவரேஜ் இருக்குமா? அதே நிறுவனம்தான்.

மார்க்கம்_முகவர்

தங்கச்சி, நீங்கள் கேட்டது நல்ல கேள்வி, ஆனால் பதில் உங்களுக்குப் பிடிக்காது. நாங்கள் புதுப்பித்தல் என்று சொல்கிறோமே தவிர, பெரும்பாலும் அது புதுப் பாலிசி. தொடங்கும் திகதி புதிது, பின்னோக்கி எண்ணுவதும் புதிது. முதல் பாலிசியில் புதிதாக வந்த நோய், இரண்டாவது பாலிசிக்கு முன்பே இருந்த நோய். ஆஸ்பத்திரியில் இருந்து வந்து அவர்கள் சொல்லும் அத்தனை நாள் ஒரு வலியும் மாற்றமும் இல்லாமல் கடந்திருந்தால்தான் கல்லுக்குக் கவரேஜ். "திரும்ப வலித்தால் பார்ப்போம்" என்பதை டாக்டர் எப்படி எழுதியிருக்கிறார் என்பதும் முக்கியம். ஒப்பரேஷன் பரிந்துரைக்கப்பட்டது என்று எழுதியிருந்தால் கஷ்டம்.

அவசரமில்லாத அறுவை சிகிச்சை எந்த விசிட்டர் பாலிசியிலும் வராது. அம்மா பிரயாணம் செய்யலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டால், ஊருக்குப் போய்ச் செய்யுங்கள் என்பதுதான் அவர்களுடைய நிலைப்பாடு. நிறுவனமே அனுப்பி வைக்கிறேன் என்று சொல்லி நீங்கள் மறுத்தால், அதோடு அந்த நோய்க்கான கவரேஜ் நின்றுவிடும்.

முடிவு எதுவானாலும் பழைய பாலிசி முடியும் முன்பே அடுத்ததை எடுத்துவிடுங்கள். ஒரு நாள் இடைவெளி விழுந்தாலும் காத்திருப்புக் காலம் என்று சில நாட்களுக்கு நோய்க்குக் கவரேஜ் இல்லாமல் போகலாம்.

வடைமாலை

நன்றி அண்ணா. அம்மாவிடம் பேசினேன். மந்திகை ஆஸ்பத்திரி கிளினிக்கில் காட்டி, ஊரிலேயே கல்லை எடுத்துவிட்டு ஆறுதலாக வருகிறேன் என்கிறா. பேரப்பிள்ளைகள்தான் அழுகிறார்கள்.

மருந்துக்கடை_அக்கா

வடைமாலை, அம்மா திரும்பி வரும்போது கிளினிக் கொப்பியை மறக்காமல் கையில் கொண்டு வரச் சொல்லுங்கள். இலங்கைக்காரர்களிடம் எனக்குப் பிடித்தது அதுதான். ஒரே கொப்பியில் திகதி, பிரஷர், சுகர், குளிசை, அளவு எல்லாம் வரிசையாக இருக்கும், நிலையாக இருந்தது என்று காட்ட அதைவிட நல்ல ஆதாரம் இல்லை. நம் தமிழ்நாட்டுக்காரர்கள் ஆறு டாக்டரின் ஆறு துண்டுச் சீட்டைப் பிளாஸ்டிக் பையில் சுருட்டிக்கொண்டு வருவார்கள்.

எல்லோருக்கும் ஒரு தகவல்: வருபவர் தன் உபயோகத்துக்கு 90 நாள் மருந்துதான் கொண்டு வரலாம். அதற்கு மேல் தங்கினால் இங்கே வாக்-இன் கிளினிக்கில் காட்டிச் சீட்டு வாங்க வேண்டும். அந்தச் செலவும் மாத்திரைச் செலவும் உங்கள் கைக்காசு, காப்பீடு தராது. அந்த டாக்டர் புதிதாகப் பார்ப்பவர், மாத்திரையை மாற்றக்கூடும். மாற்றினால் தேதியைக் குறித்து வையுங்கள், அடுத்த வருடப் பாலிசிக்கு வேண்டியிருக்கும்.

எட்மண்டன்_குளிர்

விசா மெடிக்கலில் புது பிரஷர் கண்டுபிடித்தால் என்ன செய்வது? என் மாமியாருக்குச் சென்னையில் அப்படித்தான் ஆனது. அதுவரை ஒரு மாத்திரையும் சாப்பிட்டதில்லை. "டாக்டரைப் பார்த்து மருந்து தொடங்குங்கள்" என்று சொல்லிவிட்டார்கள்.

மார்க்கம்_முகவர்

தொடங்கிய நாள்தான் உங்கள் முதல் நாள். விசா மெடிக்கல் பன்னிரண்டு மாதம் செல்லும், அவசரப்பட வேண்டாம். கேள்விப் பத்திரத்தை அதற்கு முன்பே நிரப்பியிருந்தால் திருத்திக் கொடுங்கள்.

கொள்ளிடக்கரை

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நிறுவனத்துக்கு நேராக மின்னஞ்சல் போட்டேன், ஏஜெண்டுக்கும் நகல். மாத்திரை மாறிய தேதி, பழைய அளவு, புது அளவு, எல்லாம் எழுதி, "மே 28 அன்று தொடங்கினால் பிரஷருக்கும் அதன் தொடர்பானவற்றுக்கும் கவரேஜ் உண்டா, ஜூன் 18 அன்று தொடங்கினால் உண்டா?" என்று கேட்டேன்.

பதில் வந்தது. "க்ளெய்ம் வரும்போதுதான் முடிவு சொல்ல முடியும்" என்று முதலில் கையைக் கழுவினார்கள். ஆனால் அடுத்த பத்தியிலேயே, மருந்தின் அளவு மாறிய தேதியிலிருந்து 90 நாள் முடிந்த பிறகு பாலிசி தொடங்க வேண்டும், இடையில் வேறு மாற்றம் இருக்கக் கூடாது என்று எழுதியிருந்தார்கள். இந்த அளவுக்கு எழுத்தில் கிடைத்ததே பெரிது. தொடங்கும் தேதியை ஜூன் 18க்கு மாற்றிவிட்டார்கள். கேள்விப் பத்திரம் புதிதாக நிரப்பினோம், இந்த முறை அம்மாவை வீடியோ காலில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கேள்வியாக வாசித்து. டிக்கெட் மாற்றியதில் கொஞ்சம் தண்டம்.

தம்பி கடிதம் வாங்கிவிட்டான். டாக்டர் நல்ல மனிதர், ஆஸ்பிரின் முன்னெச்சரிக்கைக்காக மட்டும் என்று தெளிவாக எழுதிக் கொடுத்தார். அடுத்து ஜூன் முதல் வாரம் அம்மா அவரைப் பார்க்க வேண்டும். பிரஷர் இறங்கியிருந்தால் திரும்ப 40 ஆக்கிவிடுவாரோ என்றுதான் இப்போது யோசனை.

மருந்துக்கடை_அக்கா

இறக்கச் சொன்னால் இறக்கிவிடுங்கள், டிக்கெட்டை மறுபடி தள்ளுங்கள். இல்லையென்றால் பிரஷருக்குக் கவரேஜ் இல்லை என்று தெரிந்தே வரட்டும். அந்த இரண்டில் எது என்று நீங்களும் அம்மாவும் முடிவு செய்யுங்கள், மாத்திரையை டாக்டர் முடிவு செய்யட்டும். போகும்போது வீட்டில் தினமும் பார்த்த பிரஷர் அளவை எழுதிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

பியர்சன்_பறவை

சரி, தோற்றேன். அப்பா அம்மா அடுத்த ஆடிக்குத் திரும்ப வருகிறார்கள். ஒரு வருடத்துக்குக் கட்டிவிட்டு ஐந்து மாதத்தில் ஊருக்குத் திரும்பினால் மீதிப் பணம் வருமா?

மார்க்கம்_முகவர்

க்ளெய்ம் ஒன்றும் இல்லை என்றால் மீதி நாட்களுக்கு வரும், ஒரு சிறு தொகையைக் கழித்துக்கொள்வார்கள். க்ளெய்ம் இருந்தால் பெரும்பாலும் வராது. ஊருக்குப் போனதற்கு ஆதாரம் கேட்பார்கள், போர்டிங் பாஸையும் பாஸ்போர்ட் முத்திரையையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். போனவுடனே விண்ணப்பியுங்கள், தள்ளிப் போட்டால் விண்ணப்பித்த நாளிலிருந்துதான் கணக்குப் போடுவார்கள்.